தானாகத் தேடவிட்டதில் 11,000 கட்டமைப்புகள் வந்து நிற்கின்றன, வினை எந்த வழியில் நடக்கிறது என்று மட்டும் தெரியவில்லை

அரைவேக்காடு:

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மாங்கனீசு பின்சர் அணைவு (ஈனி என்ற கரிம மூலக்கூறு உலோகத்தை மூன்று இடத்தில் கவ்விப் பிடிக்கும் வகை) ஒன்றை வைத்துக் கீட்டோனில் ஹைட்ரஜன் ஏற்றும் வினையைக் கணித்துக்கொண்டிருக்கிறேன். ஈனியின் நடுவில் நைட்ரஜன், இரண்டு கைகளிலும் பாஸ்பரஸ், ஒவ்வொரு பாஸ்பரஸிலும் இரண்டு ஐசோபுரொப்பைல், மாங்கனீசின் மேல் இரண்டு கார்பனைல். சோதனை செய்பவர்கள் டொலுயீனில், 60 டிகிரியில், 30 பார் ஹைட்ரஜன் அழுத்தத்தில், கொஞ்சம் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு போட்டு ஓட்டுகிறார்கள். ஒரு வினையூக்கி மூலக்கூறு மணிக்குச் சுமார் 100 கீட்டோன்களை மாற்றுகிறது என்கிறார்கள்.

முதல் ஆறு மாதம் பழைய பாணியில்தான் போனது. தாளில் சுழற்சியை வரைவது, ஒவ்வொரு படிக்கும் டிரான்சிஷன் ஸ்டேட் (படியின் ஆற்றல் உச்சியில் இருக்கும் நிலை) எப்படி இருக்கும் என்று குத்துமதிப்பாக அணுக்களை நகர்த்தி வைப்பது, ஓட்டுவது, அது வேறெங்கோ போய் விழுவது, மறுபடி நகர்த்துவது. ஒருவழியாக ஒரு சுழற்சி கிடைத்தது. கொண்டுபோய்க் காட்டினால் வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ வரையாத பாதை ஒன்று இதைவிடத் தாழ்வாக இருந்தால் உனக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் தானியங்கித் தேடலுக்கு வந்தேன். வினைபடு மூலக்கூறுகளை ஜோடி ஜோடியாக எடுத்து, அணுக்களைச் செயற்கை விசையால் ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளி, எங்கே பிணைப்பு உருவாகிறது, எங்கே உடைகிறது என்று பார்க்கும் வகை. தேடல் முழுக்க ஜிஎஃப்என்2-எக்ஸ்டிபியில் (வேகமான, தோராயமான குவாண்டம் முறை), கிடைத்ததில் தேறியதை மட்டும் டிஎஃப்டியில் (மெதுவான, துல்லியம் கூடிய முறை) மறுபடி. தொடக்கத்தில் கொடுத்தது மூன்றே மூன்று: வினையூக்கியின் அமிடோ வடிவம் (நைட்ரஜனில் ஹைட்ரஜன் போன பிறகு இருப்பது), ஹைட்ரஜன், கீட்டோன். நான்கு சுற்று ஆழம் (ஒரு சுற்றில் வந்தவை அடுத்த சுற்றில் மோதும்).

மூன்று வாரம் ஓடியது. வந்தது 11,000 கட்டமைப்புகள். அதில் மிகத் தாழ்வான பாதையில் மிக உயரமான தடை 17 கிலோகலோரி, ஹைட்ரஜன் மூலக்கூறு மாங்கனீசுக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் பிளக்கும் படி. அதுவும் நான் கையால் வரைந்திருந்த அதே படி! மூன்று வாரக் கணினி நேரத்துக்கு எனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லியிருக்கிறது. மீதி 11,000-ஐ எப்படி அலசுவது, எதைத் தூக்கிப் போடுவது, இந்த 17-ஐ நம்பலாமா? இதைச் செய்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சேணப்புள்ளி:

முதலில் அந்த 11,000 என்ற எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள், அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள் வேறு சட்டை போட்டு நிற்பதாகத்தான் இருக்கும். உங்கள் ஈனியில் 4 ஐசோபுரொப்பைல் இருக்கிறது. ஒவ்வொன்றும் 3 நிலையில் திரும்பி நிற்கலாம் என்று வைத்தாலே ஒரு மூலக்கூறு 81 ஆகிவிடும். அதோடு கண்ணாடிப் பிம்பங்கள், அணுக்களின் வரிசை எண் மட்டும் மாறி வந்தவை. யார் யாரோடு பிணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடத்தை வைத்து ஒரே வகையாகத் தொகுத்துவிட்டு, ஒவ்வொரு வகைக்கும் தாழ்வான கான்ஃபார்மர் (பிணைப்பு மாறாமல் திரும்பி நிற்கும் வடிவம்) ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபார்மரைத் தேட க்ரெஸ்ட் நிரல் போதும்.

ஆனால் உலோகம் இருக்கும் இடத்தில் இந்தத் தொகுப்பும் காலை வாரும், நான் பட்டிருக்கிறேன். பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்று நிரல் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஐசோபுரொப்பைலின் ஒரு ஹைட்ரஜன் உலோகத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும், அதைப் புதுப் பிணைப்பு என்று எண்ணி, புது இடைப்பொருள் கண்டுபிடித்துவிட்டேன் என்று கொண்டாடும். எனக்கு ஒருமுறை 900 'புதிய' இடைப்பொருள்கள் வந்தன. எல்லாமே அதே அணைவு, அந்த ஒரு ஹைட்ரஜன் 2.3 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறதா 2.5-இல் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். தூர வரம்பைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு முறை தொகுத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏகத்துக்கும் மாறினால் உங்களுக்கும் அதே வியாதிதான்.

அப்புறம் டிரான்சிஷன் ஸ்டேட்கள். கற்பனை அதிர்வெண் (உச்சியில் நிற்பதன் அடையாளம்) ஒன்றே ஒன்று இருக்கிறது என்று நிரல் டிக் போட்டுவிடும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த அதிர்வெண் என்ன எண் என்று பாருங்கள். ஹைட்ரஜன் தாவும் படியில் பொதுவாக (செ.மீ⁻¹ அலகில்) நூற்றுக்கணக்கில், ஆயிரத்துக்கு மேலும் போகும். பட்டியலில் 38 என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு மெத்தில் குழு சுற்றிக்கொண்டிருக்கும். மேலிருந்து இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் எதையும் வலையில் சேர்க்காதீர்கள். இப்படி இறங்கும் பாதைக்கு ஃபுகுயி கொடுத்த வரையறைதான் இன்றும் எல்லா நிரலிலும் இருக்கிறது. தானியங்கித் தேடலில் குப்பை சேர்வதற்கு முதல் காரணமே நேரம் மிச்சம் பிடிக்க இந்தப் படியை விட்டுவிடுவதுதான்.

எக்ஸ்டிபி பற்றியும் ஒன்று. 2019-இல் வந்த அந்த ஜிஎஃப்என்2 முறையின் பெயரை விரித்தாலே விஷயம் புரியும்: வடிவம், அதிர்வெண், பிணைப்பில்லா ஈர்ப்பு, இந்த மூன்றுக்காகச் செய்தது. வினைத்தடை அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாங்கனீசு போன்ற உலோகத்தில் 10 கிலோகலோரி தவறினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தேடுவதற்கு அது அருமையான நாய், மோப்பம் பிடித்து இடத்தைக் காட்டும். எவ்வளவு ஆழம் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

ஏற்கெனவே தெரிந்ததையே திருப்பிச் சொன்னது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். மாயேதாவும் மொரோகுமாவும் 2012-இல் செயற்கை விசை முறையை முழுச் சுழற்சி ஒன்றில் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது கோபால்ட் ஹைட்ரோஃபார்மைலேற்றம். அதன் வழிமுறையை ஹெக்கும் பிரெஸ்லோவும் 1960 வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். விடை தெரிந்த கணக்கில் விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. உங்களுக்கு அது வந்திருக்கிறது.


வேகவிதி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே இருக்கும் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று சண்டை போடுவதை யாரும் சொல்லவில்லையே.

60 டிகிரி என்றால் 333 கெல்வின். தடையிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் ஐரிங் சமன்பாட்டில் 17 கிலோகலோரியைப் போட்டால் நொடிக்குச் சுமார் 50 சுற்று. சோதனையில் மணிக்கு 100, அதாவது நொடிக்கு 0.03 கூட இல்லை. திருப்பிப் போட்டால் சோதனை சொல்லும் தடை ஏறக்குறைய 22 கிலோகலோரி. உங்கள் கணிப்பு 1,700 மடங்கு வேகமாக ஓடுகிறது. இந்த வெப்பநிலையில் 1.5 கிலோகலோரி பிசகினால் வேகம் 10 மடங்கு மாறும், டிஎஃப்டியின் வழக்கமான பிழையே இரண்டு மூன்று கிலோகலோரி இருக்கும், அதனால் ஒரு 30 மடங்கு, 100 மடங்கு என்றால் கண்டுகொள்ள மாட்டேன். 1,700 கொஞ்சம் அதிகம்.

என் கேள்வி இதுதான்: அந்த 17-ஐ எங்கிருந்து அளந்தீர்கள்? அமிடோ வடிவத்திலிருந்து என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் தொடங்கிய இடம் அது. வினையூக்கி அங்கேதான் ஓய்வெடுக்கிறது என்று யார் சொன்னது? கோசுக்கும் ஷைக்கும் எழுதிய ஆற்றல் இடைவெளி மாதிரியின் சாரமே சுழற்சியின் வேகத்தை ஒரு தனிப் படி முடிவு செய்வதில்லை என்பதுதான். சுழற்சி முழுக்கப் பார்த்து, எந்தப் பள்ளத்துக்கும் (தாழ்வான இடைப்பொருள்) எந்த மேட்டுக்கும் (டிரான்சிஷன் ஸ்டேட்) இடையிலான இடைவெளி மிகப் பெரிதோ அதுதான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது, அந்தப் பள்ளமும் மேடும் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வலையில் மேடு சரியாகவே இருக்கலாம். பள்ளம் ஒன்று காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது என்றும் எனக்கு ஓர் ஊகம் உண்டு. குடுவைக்குள் மூன்று பொருள்களைத்தான் போட்டிருக்கிறீர்கள். வினை நடந்தால் ஆல்கஹால் வரும், அது குடுவையை விட்டு எங்கே போகும்? அதே வினையூக்கியோடுதான் மோதிக்கொண்டிருக்கும். நான்கு சுற்றில் நிறுத்தியதால் ஆல்கஹால் உண்டாகும் கட்டத்தோடு தேடல் முடிந்திருக்கிறது, அந்த ஆல்கஹால் மறுபடி அமிடோவோடு சேருமா என்று பார்க்க ஐந்தாவது சுற்று வந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு டெர்ட்-பியூட்டாக்சைடும் பொட்டாசியமும் சோதனையில் இருக்கின்றன, உங்கள் கணினியில் இல்லை.

சுற்றை ஐந்து ஆக்கு, ஆறு ஆக்கு என்று சொல்வது சுலபம், கணக்கு அப்படி விடாது. 200 வகைப் பொருள்கள் இருந்தால் ஜோடிகள் 20,100. ஜோடிக்கு 10 திசையில் மோதவிட்டால் 2 லட்சம் ஓட்டங்கள். ஓட்டத்துக்கு 10 நிமிடம் என்றாலும் ஒரு கணினியில் கிட்டத்தட்ட 4 வருஷம்! அதனால் ஆழத்தை வைத்து நிறுத்துவதே தவறான அளவுகோல். எம்ஐடியில் வில்லியம் கிரீன் குழுவின் ஆர்எம்ஜி நிரல் இதை ரொம்ப நாளாக வேறு விதமாகச் செய்கிறது: வினைப்பொருள்களை உள்வட்டம், விளிம்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். உள்வட்டத்தில் இருப்பவை மட்டும் ஒன்றோடொன்று வினைபுரியும். அப்படி வருவதெல்லாம் விளிம்பில் நிற்கும். வேகச் சமன்பாடுகளைத் தீர்த்து, விளிம்பில் எந்தப் பொருளுக்குப் போதுமான வினை ஓட்டம் (அதன் வழியே பொருள் பாயும் வேகம்) போகிறதோ அதை மட்டும் உள்ளே கூப்பிடும். சூரிச்சில் ரைஹர் குழுவின் கெமோட்டான் பக்கமும் வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டே வலையை விரிக்கும் வழி இருக்கிறது. உங்கள் கதையில் ஆல்கஹால்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குவியும் பொருள். இந்த முறையில் ஓட்டியிருந்தால் முதல் ஆளாக உள்ளே வந்திருக்கும்.

வெட்டுவதற்கு எண் வேண்டுமென்றால், இந்த வெப்பநிலையில் 30 கிலோகலோரித் தடைக்கு அரை ஆயுள் சுமார் 2 மாதம், 35-க்கு ஏறக்குறைய 300 வருஷம். டிஎஃப்டியில் 35-க்கு மேல் இருப்பதைத் தயங்காமல் தூக்கிப் போடலாம். எக்ஸ்டிபியில் மட்டும் பார்த்ததற்கு இன்னும் 10 கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தடையை அந்தப் படியின் தொடக்கத்திலிருந்து அளந்து வெட்டாதீர்கள், இருப்பதிலேயே ஆழமான பள்ளத்திலிருந்து அளந்து வெட்டுங்கள். உயரமான இடைப்பொருள் ஒன்றிலிருந்து 5 கிலோகலோரி ஏறும் படி பார்க்கச் சாது மாதிரி இருக்கும், ஆனால் அந்த இடைப்பொருளே 40-இல் தொங்கிக்கொண்டிருந்தால் அங்கே யார் போகப் போகிறார்கள்.


குடுவை:

நான் கணினிப் பக்கம் வருகிறவன் இல்லை, இந்த வகை வினையைக் கையால் செய்கிறவன். வேகவிதி சொன்ன பள்ளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

மாங்கனீசு பின்சர் அமிடோவில் ஆல்கஹாலை விட்டால் ஆல்காக்சைடு அணைவு உண்டாவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். ஆல்கஹாலின் ஹைட்ரஜன் நைட்ரஜனுக்குப் போகும், ஆக்சிஜன் மாங்கனீசில் உட்காரும். பல சமயம் நிறமே மாறிவிடும். என்எம்ஆர் நிறமாலையில் பாஸ்பரஸ் சிக்னல் எந்த அணைவுடையதாக வருகிறது என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். வினை ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது வேண்டும், தூய வினையூக்கியை எடுத்த நிறமாலை உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்எம்ஆரில் தெரிந்ததே வினைபுரிகிறது என்று அடுத்த குழியில் விழுவீர்கள். ரோடியம் வைத்துக் கைத்தன்மையோடு ஹைட்ரஜன் ஏற்றுவதில் ஹால்பெர்ன் காட்டியது நினைவிருக்கட்டும். கரைசலில் அதிகமாகத் தெரிந்த, படிகமாகவே பிரித்தெடுக்க முடிந்த அணைவு, கிடைத்த விளைபொருளைத் தரும் அணைவு இல்லை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிறுபான்மை வடிவம்தான் ஹைட்ரஜனோடு பல மடங்கு வேகமாகச் சேர்ந்து விளைபொருளைத் தந்தது. கண்ணில் படுவது பள்ளம், ஓடுவது வேறு ஆள். கணிப்பவர்கள் மேட்டை மட்டும் பார்க்கிறீர்கள், நாங்கள் பள்ளத்தை மட்டும் பார்க்கிறோம், அதனால்தான் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சோதனை ஒன்று சொல்கிறேன், ஒரு நாள் வேலை. பிளாக்மண்ட் சொல்லும் 'ஒரே மிகை' முறை. வழக்கமான அளவில் ஒரு ஓட்டம். இன்னொன்றில் பாதி தூரம் வினை நடந்து முடிந்த மாதிரிக் கீட்டோனைக் குறைத்துத் தொடங்குங்கள். ஹைட்ரஜன் அழுத்தத்தை மாறாமல் பிடித்துவைக்கும் கலம் என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவதன் வளைகோடு முதலாவதன் பின்பாதி மேல் அப்படியே படிந்தால் விளைபொருள் தடுக்கவில்லை, வினையூக்கியும் சாகவில்லை. படியாமல் இரண்டாவது வேகமாக ஓடினால், மூன்றாவது ஓட்டத்தில் அந்தக் காணாமல் போன ஆல்கஹாலைத் தொடக்கத்திலேயே ஊற்றுங்கள். வேகம் பழையபடி இறங்கினால் குற்றவாளி ஆல்கஹால்தான். இறங்காவிட்டால் வினையூக்கி செத்துக்கொண்டிருக்கிறது.


புதுவரவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்போது இயந்திரக் கற்றல் விசைப்புலங்கள் (குவாண்டம் கணக்குகளில் பயிற்சி பெற்று ஆற்றலை ஊகிப்பவை) எல்லாம் வந்துவிட்டனவே, எக்ஸ்டிபிக்குப் பதில் அதைப் போட்டால் வேகமும் துல்லியமும் சேர்ந்தே கிடைக்காதா? எதற்கு இந்த வெட்டல் ஒட்டல் எல்லாம்?


சேணப்புள்ளி:

@புதுவரவு எதில் பயிற்சி கொடுத்தது என்று முதலில் பாருங்கள் தம்பி. ஓபன் கேட்டலிஸ்ட் திட்டத்தின் 2020 தொகுப்பில் 12 லட்சத்துக்கும் மேல் டிஎஃப்டி தளர்த்தல்கள் (வடிவத்தைத் தாழ்வான ஆற்றலுக்கு இறக்கும் கணக்குகள்) இருக்கின்றன, பிரம்மாண்டம்தான், ஆனால் எல்லாம் திண்மப் பரப்பின் மேல் ஒட்டிய மூலக்கூறுகள். டிரான்சிஷன்1எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது வினைப்பாதைகளையே வைத்துச் செய்தது, ஏறக்குறைய 10,000 வினைகள். ஆனால் சின்னச் சின்னக் கரிம மூலக்கூறுகள், உலோகமே கிடையாது. கரைசலில் மிதக்கும் மாங்கனீசு அணைவு இரண்டிலும் இல்லை. பார்க்காத இடத்தில் இந்த விசைப்புலங்கள் தயங்குவதே இல்லை, ஏதாவது ஓர் எண்ணைக் கம்பீரமாகச் சொல்லிவிடும், அதுதான் ஆபத்து. டிரான்சிஷன் ஸ்டேட் என்பதோ பெரும்பாலான தொகுப்புகள் பார்க்காத இடம்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடல் ஓடும்போதே மாதிரி எங்கே தடுமாறுகிறதோ அங்கே மட்டும் டிஎஃப்டி போட்டு, அதைப் பயிற்சியில் சேர்த்துச் சேர்த்துப் போனால் நன்றாகவே வேலை செய்யும், நாங்களும் செய்கிறோம். ஆனால் அது வேகத்தைத்தான் கூட்டும். கேள்வி கேட்டவரின் சிக்கல் குடுவையில் ஆல்கஹால் இல்லாதது. துல்லியமான விசைப்புலத்தில் ஓட்டியிருந்தால் தவறான விடை இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.


அரைவேக்காடு:

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தூர வரம்பை நகர்த்தித் தொகுத்ததில் 11,000 கட்டமைப்புகள் 640 வகையாகச் சுருங்கின. அந்தச் சாய்ந்த ஹைட்ரஜன் வியாதி எனக்கும் இருந்தது. டிரான்சிஷன் ஸ்டேட்களில் மூன்றில் ஒரு பங்கு இறக்கிவிட்டதும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தன. 38 இல்லை, என்னிடம் 29 என்று ஒன்று இருந்தது, அசைத்துப் பார்த்தால் ஐசோபுரொப்பைல் தலையாட்டுகிறது.

அப்புறம் விளைபொருள் ஆல்கஹாலையும் டெர்ட்-பியூட்டனாலையும் தொடக்கப் பட்டியலில் சேர்த்து, ஆழ வரம்பை எடுத்துவிட்டு, வினை ஓட்டத்தை வைத்து விரியும்படி மாற்றினேன். முதலில் வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டேன். ஆல்கஹால் நடுவில் நின்று புரோட்டானைக் கைமாற்றிவிட, ஹைட்ரஜன் பிளக்கும் படி ஆறு அணு வளையமாகி 17-இலிருந்து 13-க்கு இறங்கிவிட்டது! ஏற்கெனவே வேகமாக ஓடிய கணிப்பு இன்னும் வேகமாக ஓடியது. இரண்டு நாள் கழித்துத்தான் மறுபக்கம் வந்தது: ஆல்காக்சைடு அணைவு, அமிடோவைவிட 8.5 தாழ்வாக. அங்கிருந்து அளந்தால் இடைவெளி 21.5. சோதனை 22 சொல்கிறது. இப்போது வலையில் ஓட்டம் போகிற பொருள்கள் 50-க்கும் குறைவு. எழுதிவிடலாமா?


வேகவிதி:

எழுதலாம், ஆனால் அந்த 0.5 வித்தியாசத்தை மட்டும் பெருமையாக எழுதாதீர்கள், அது அதிர்ஷ்டம். பள்ளம் எங்கே என்று கண்டுபிடித்ததுதான் விஷயம், எண் சரியாக வந்தது இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் 1 மோலார் என்று வைத்துக் கணக்கிட்டிருப்பீர்கள். 30 பாரில் டொலுயீனில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் 0.1 மோலார் அளவுதான், அதற்கே 1.5 கிலோகலோரி ஏறும். வாயு நிலையின் 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 மோலாருக்கு மாற்றும் 1.9 கிலோகலோரியைச் சேர்த்தீர்களா? (அறை வெப்பநிலைக்கான எண் அது, 60 டிகிரிக்குக் கொஞ்சம் கூடும்.) 100 செ.மீ⁻¹-க்குக் கீழே இருக்கும் தாழ்ந்த அதிர்வுகளின் என்ட்ரோபியை அப்படியே விட்டீர்களா, கிரிம்மெ சொன்ன மாதிரிச் சமன் செய்தீர்களா? ஒவ்வொன்றிலும் ஒன்று இரண்டு கிலோகலோரி நகரும். எல்லாவற்றையும் சரி செய்த பிறகு 24 வந்தாலும் 20 வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

நான் உண்மையிலேயே சந்தேகப்படுவது அந்த ஆறு அணு வளையத்தை. மூன்று மூலக்கூறுகள் ஒரே இடத்தில் கூட வேண்டும், வாயு நிலைக் கணக்கில் ஒவ்வொரு கூடுதலுக்கும் என்ட்ரோபி சுமார் 10 கிலோகலோரி கேட்கும், கரைசலில் அது எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். 2015-இல் பிளாட்டாவும் சிங்கிள்டனும் மோரிட்டா-பெய்லிஸ்-ஹில்மன் வினையைச் சோதனையில் படிப்படியாக அளந்து, அதுவரை வந்த கணிப்புகளோடு வைத்துப் பார்த்தார்கள். கணிப்புகள் ஆசையாகக் காட்டிய பாதையும் இதே மாதிரி ஆல்கஹால் புரோட்டானைக் கைமாற்றிவிடும் பாதைதான். சோதனை அதை ஏற்கவில்லை, சாதாரண அமில-கார வழியில் புரோட்டான் போய்வருகிறது என்றது. உங்கள் வினையிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. டொலுயீனில் அயனிகள் அவ்வளவு சுலபமாகத் திரியாது, உங்கள் வளையம் பிழைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பொட்டாசியம் குடுவையில் இருக்கிறது, கணினியில் இன்னும் இல்லை. அதையும் சேர்த்துவிட்டு எழுதுங்கள்.


குடுவை:

என்எம்ஆர் கேட்டீர்களா? மற்ற கதையெல்லாம் அப்புறம்.


அரைவேக்காடு:

கேட்டேன். ஓடும்போது எடுத்தது அவர்களிடம் இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன ஒரே மிகை ஓட்டத்தை நேற்று செய்தார்கள். வளைகோடு படியவில்லை, கீட்டோனைக் குறைத்துத் தொடங்கியது வேகமாகவே ஓடியது. ஆல்கஹாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிய மூன்றாவது ஓட்டம் இறங்கி வந்து முதலாவதன் பின்பாதியோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. "இதைச் சொல்ல உனக்கு 11,000 கட்டமைப்புகள் தேவைப்பட்டதா, எங்களைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் சொல்லியிருப்போமே" என்று சிரிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஆல்கஹால் தடுக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியும், ஹைட்ரஜன் பிளப்பதில் அதே ஆல்கஹால் உதவியும் செய்கிறதா என்பதை அந்த வளைகோட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதே. பொட்டாசியத்தைச் சேர்த்து ஓடவிட்டிருக்கிறேன், இரண்டு வாரம் ஆகும்.

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஒதுக்கிய கட்டமைப்புகளின் கோப்புகள் வட்டில் 3 டெராபைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, நிர்வாகியிடமிருந்து தினமும் மின்னஞ்சல் வருகிறது. அழித்துவிடலாமா?


சேணப்புள்ளி:

அலைச்சார்புக் கோப்புகளை அழித்துவிடுங்கள், 3 டெராபைட்டில் பெரும்பகுதி அதுதான். அணு ஆயங்கள், ஆற்றல், அதிர்வெண்கள், எந்தப் படி எதை எதோடு இணைக்கிறது என்ற பட்டியல், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் சில ஜிகாபைட்டில் அடங்கிவிடும். ஒதுக்கியவற்றுக்கும் அதை வைத்திருங்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு வரியோடு. பொட்டாசியம் உள்ளே வந்த பிறகு சில மேடுகள் தாழ்ந்துவிட்டால், 35-க்கு மேல் என்று வெட்டியதில் நாலைந்து திரும்பக் கீழே வந்து நிற்கும்.